பணித்தளத்திலிருந்து கல்லூரிக்கு: மிஷனரி பிள்ளைகள் சாதாரண வாழ்க்கைக்குப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பா அம்மா ஐ.எம்.எஸ்., எஃப்.எம்.பி.பி., ஐ.இ.எம். மாதிரி கிறிஸ்தவ ஊழியம் செய்கிற ஏதோ ஒரு மிஷனில் இருந்து, குஜராத் டாங்ஸிலோ ஜார்க்கண்டின் ராஜ்மஹால் மலையிலோ ஒடிசாவிலோ வளர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்காகத் தமிழ்நாட்டுக்கு வருகிறவர்களுக்கு இது. டோனாவூர் சந்தோஷ வித்யாலயா போன்ற பள்ளி விடுதியில் தங்கிப் படித்து, விடுமுறைக்கு மட்டும் அப்பா அம்மா ஊழியம் செய்கிற பணித்தளம் போய்வந்தவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நானும் அப்படி வந்தவன்தான். இப்போது ஜூன் பிறந்தால் புதிதாக வருகிறவர்கள் யாராவது வீட்டுக்கு வந்து உட்காருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் பெரும்பாலும் ஒரே கேள்வி: “அண்ணே, நான் எந்த ஊர்க்காரன்னே எனக்குத் தெரியல.” நியாயமான கேள்வி. ஆனால் முதல் வருஷத்தில் அதற்கு விடை கிடைக்காது. அதையே யோசித்துக்கொண்டு சான்றிதழைக் கோட்டை விட்டவர்களை, காய்ச்சலோடு அறையில் சுருண்டு கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் வரிசையை மாற்றாதீர்கள். கையால் முடிகிற வேலைகள் முதலில், மனசு சம்பந்தப்பட்டவை அப்புறம்.

1. கிளம்பும் முன் ஒழுங்காக விடைபெறுங்கள்

டிசம்பரில் திரும்பி வரப்போகிறோமே என்று பலரும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் மிஷனில் இடமாற்றம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் முதல் செமஸ்டர் முடிப்பதற்குள் அப்பாவுக்கு வேறு தளம் வந்துவிட்டால், அந்த வீட்டுக்கும் கிணற்றடிக்கும் திரும்பிப் போக வழியே இருக்காது.

கூட விளையாடியவர்கள், உங்களைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போங்கள். சண்டை போட்டுப் பேசாமல் இருப்பவர் வீட்டுக்குக் கண்டிப்பாகப் போங்கள். தொலைபேசி எண்களைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் சைக்கிள், புத்தகம், கிரிக்கெட் மட்டையை யாருக்குக் கொடுப்பது என்று நீங்களே முடிவு செய்து, உங்கள் கையாலேயே கொடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் வீடு மாறி, அந்தச் சாமான்கள் யாருக்கோ போய்விட்டதாகப் பிறகு கேள்விப்படுவது வெகுநாள் உறுத்தும்.

2. சான்றிதழ்கள்: பன்னிரண்டாம் வகுப்பு டிசம்பரிலேயே தொடங்குங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இதுதான். தேர்வு முடிவு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் நேரமும் இ-சேவை மையத்தில் கூட்டம் அலைமோதும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். வடக்கே பள்ளியில் சேர்க்கும்போது குடும்பப் பெயர் கேட்பார்கள். அப்பா பெயரைச் சேர்த்து ‘டேனியல் சாமுவேல்’ என்று எழுதியிருப்பார்கள். ஆதாரில் ‘டேனியல் எஸ்’ என்று இருக்கும். ஞானஸ்நானச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு வடிவம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவதைவிட ஆதாரைத் திருத்துவது எளிது.

அடுத்தது சாதிச் சான்றிதழ். “நமக்குச் சாதி கிடையாது” என்று சொல்லி வளர்த்த வீடுகளில் இந்தப் பேச்சே எழாது. விளைவு, விண்ணப்பப் படிவத்தில் பிள்ளை ‘ஓ.சி.’ என்று தட்டிவிட்டு வந்து நிற்கும். பொதுப் பிரிவில் போட்டியிட வேண்டும் என்று தெரிந்தே அப்படிச் செய்தால் சரி. தெரியாமல் செய்தால் ஓர் இடம் போச்சு. தமிழ்நாட்டில் கிறிஸ்தவ நாடார்கள் பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். பட்டியல் சாதிகளிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களும் இங்கே பி.சி.தான். கூச்சமாக இருந்தாலும் அப்பாவிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்.

இந்தச் சான்றிதழை அப்பாவின் சொந்த ஊர் தாலுகாவில்தான் வாங்க வேண்டும். நீங்கள் வளர்ந்த மாநிலத்தில் வாங்கியது இங்கே உதவாது. பல வருஷம் வெளியே இருந்த குடும்பத்துக்கு இங்கே ரேஷன் கார்டு இருக்காது. ஆதார் முகவரியும் வடக்கே இருக்கும். அதைப் பார்த்ததும் வி.ஏ.ஓ. தயங்குவார். அப்பாவின் சாதிச் சான்றிதழ், அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், தாத்தா பாட்டியின் ரேஷன் கார்டு, சொந்த வீடோ நிலமோ இருந்தால் அதன் வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் அப்பாவே விடுப்பு எடுத்து வரட்டும். சித்தப்பாவை அனுப்பிவிட்டு வடக்கேயிருந்து போனில் விளக்கம் சொன்னால் காரியம் இழுத்துக்கொண்டே போகும்.

மூன்றாவது, நேட்டிவிட்டி சான்றிதழ். 8 முதல் 12 வரையான வகுப்புகளை வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் பொறியியல் கலந்தாய்வில் இதைக் கேட்பார்கள். இதில்லாமல் நீங்கள் இந்த மாநிலத்துக்காரர் என்பதைக் காட்ட முடியாது. சாதிச் சான்றிதழுக்குக் கொண்டுபோகும் அதே கோப்பு இதற்கும் பெரும்பாலும் போதும் என்பதால் இரண்டுக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள்.

வருமானச் சான்றிதழுக்கு மிஷன் அலுவலகத்திலிருந்து அப்பா அம்மா இருவருடைய மாதப் படியையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். கையெழுத்தும் முத்திரையும் இருக்கட்டும். வேறு வாரியத்தில் படித்தவர்களிடம் பல பல்கலைக்கழகங்கள் இடப்பெயர்வுச் சான்றிதழ் (மைக்ரேஷன் சர்டிஃபிகேட்) கேட்கும். சி.பி.எஸ்.இ. மாணவர்கள் அதை டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்ளலாம். 18 வயது முடிந்ததும் வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6. அதை ஓர் ஓய்வு நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

3. பணம்: முதல் மாதம் முழுக்க எழுதி வையுங்கள்

நம் பிள்ளைகள் பணத்தைப் புழங்கிப் பழகியவர்கள் அல்ல. விடுதியில் எல்லாம் மணியடித்தால் வரும். துணி, சபைகளிலிருந்து பார்சலில் வரும். அந்தப் பார்சல் பிரிக்கும் காட்சி உங்களுக்கும் நினைவிருக்கும்: யாரோ ஒருவருடைய பள்ளிச் சட்டை, சட்டைப் பையில் பள்ளிச் சின்னத்தைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் துணி அடர்நீலமாக, சுற்றிலும் வெளுத்து. அளவு சரியாக இருந்தால் அது நம்முடையது. நிறம் பிடிக்கிறதா என்ற கேள்வியே வராது.

இப்படி வளர்ந்தவர்கள் இங்கே வந்து இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் எதற்கும் செலவு செய்ய மாட்டார்கள். கிழிந்த செருப்போடு ஆறு மாதம் நடப்பார்கள், மதியம் சாப்பிடாமல் மிச்சம் பிடிப்பார்கள். சிலர் யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு இருபதாம் தேதிக்கு மேல் கையில் காசில்லாமல் நிற்பார்கள்.

செய்ய வேண்டியது எளிது. முதல் மாதம் ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்கள். இரண்டாவது மாதம் அதை வைத்து வாரத்துக்கு இவ்வளவு என்று பிரியுங்கள். அதில் உங்களுக்கே உங்களுக்கென்று ஒரு சின்னத் தொகை இருக்கட்டும். ஒரு பரோட்டாவோ ஒரு சட்டையோ, நீங்களே தேர்ந்தெடுத்து வாங்கிப் பழக வேண்டும். காணிக்கைக் காசில் வளர்ந்த குற்ற உணர்ச்சி முதல் சில தடவை குத்தும். பிறகு குறையும்.

கடன் கேட்பவர்களிடம் “வாரக் கடைசியில் சொல்றேன்” என்று சொல்லப் பழகுங்கள். அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதவர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. காணிக்கை கொடுத்து ஊழியத்தைத் தாங்குகிறவர்கள் சபை வாசலில் உங்கள் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணிப்பார்கள். மறுக்க வேண்டாம், மனம் புண்படும். ஆனால் பெயரையும் தொகையையும் எழுதி அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அது உங்களுக்கான அன்பளிப்பா, ஊழியத்துக்கான காணிக்கையா என்பதில் பின்னால் குழப்பம் வரக் கூடாது.

4. காய்ச்சல் வந்தால்

மலேரியா உள்ள பகுதியிலிருந்து வந்திருந்தால், காய்ச்சல் வந்ததும் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். சென்னையில் காய்ச்சல் என்றால் வைரஸ், டெங்கு என்றுதான் முதலில் யோசிப்பார்கள். விவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் தங்கிப் பல மாதம் கழித்துத் திரும்ப வரும். இரத்தப் பரிசோதனையில் மலேரியாவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளைக் காய்ச்சல் நின்றதும் நிறுத்தாமல் கடைசி நாள்வரை சாப்பிடுங்கள். சாகிப்கஞ்ச், பாக்கூர் பக்கத்தவர்கள் காலா அசார் (மணல் ஈ கடியால் பரவும் காய்ச்சல்) வந்து குணமானவர்கள் என்றால் அதையும் மறைக்காதீர்கள்.

5. தமிழைத் தினமும் கொஞ்சம்

வீட்டில் தமிழ், வெளியே இந்தியோ குஜராத்தியோ, வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர்களின் தமிழ் பெரும்பாலும் வேதாகமத் தமிழ். சங்கீதம் 91-ஐ மனப்பாடமாகச் சொல்வார்கள். வங்கியில் ‘நாமினி யாரு, ஜாமீன் யாரு’ என்று கேட்டால் முழிப்பார்கள். வகுப்பில் வாய் திறந்தால் இரண்டு பேர் சிரிப்பார்கள். உடனே இவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள், அதைத் திமிர் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். முதல் செமஸ்டரில் நண்பர்கள் இல்லாமல் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் நான் பார்த்ததில்லை.

தினமும் காலையில் தினத்தந்தியில் ஒரு செய்தியைச் சத்தமாக வாசியுங்கள். அதன் தமிழ் எளிது. அரசு அலுவலகம், காவல் நிலையம், சந்தை என்று அன்றாடப் புழக்கத்துச் சொற்கள் எல்லாம் அதில் வந்துவிடும். சிரிப்பவர்களிடம் “எனக்குத் தமிழ் கொஞ்சம் தகராறுதான், தப்பா சொன்னா திருத்து” என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். சொன்ன பிறகு கேலி பெரும்பாலும் உதவியாக மாறிவிடும்.

மரியாதைச் சொற்களை மட்டும் சீக்கிரம் சரிசெய்துகொள்ளுங்கள். இந்தியில் ‘ஜீ’ ஒன்றைச் சேர்த்தால் போதும். இங்கே அண்ணே, அக்கா, ஐயா, சார் என்று ஆளுக்கு ஆள் மாறும். பேருந்து நடத்துனரை ‘நீ’ என்று கூப்பிட்டுவிட்டு எதற்குக் கோபப்பட்டார் என்று தெரியாமல் நின்றவர்கள் உண்டு.

அரசு வேலை எண்ணம் இருந்தால் இன்னும் தீவிரமாகப் படிக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள்.

6. “எந்த ஊரு?” என்ற கேள்விக்குத் தயாராக இருங்கள்

மூன்று நீளத்தில் பதில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரே சொல்: “நாசரேத்.” அல்லது அப்பாவின் ஊர் எதுவோ அது. வகுப்புத் தோழனுக்கு: “சொந்த ஊர் நாசரேத், வளர்ந்தது குஜராத்.” நெருங்கிப் பழகி, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு மட்டும் முழுக் கதை. எல்லோரிடமும் முழுக் கதையைச் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே கேட்பவர் கண் வேறு பக்கம் போகும். நமக்கு வீணாக வலிக்கும்.

தென்மாவட்டங்களில் இந்தக் கேள்வி அதோடு நிற்காது. “எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?” என்று நீளும். சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். பணித்தளத்தில் ஆதிவாசிப் பிள்ளைகளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு, இதே கேள்வி சபைக்குள்ளேயே, அதுவும் தங்கள் மிஷனுக்காகச் சமைக்கும்போது கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிற அதே பாட்டியின் வாயிலிருந்தே வரும்போது பெரிய அதிர்ச்சி. சிலர் அன்றோடு சபைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்கள்.

கேட்கிறவருக்கு உங்கள் சாதியைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. தாத்தா பெயரைச் சொல்லிவிட்டு, கேட்டவரின் நலத்தை விசாரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அதே இடத்தில் வாதம் செய்து ஒருவரைத் திருத்த முடியாது. உங்கள் வீட்டில் இதற்கு முன் ஏன் இதைப் பேசவில்லை என்று அப்பா அம்மாவிடம் ஒருநாள் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

7. உறவினர் வீடுகள்

விடுமுறையில் வந்து போன விருந்தாளியாகத்தான் உங்களை அவர்களுக்குத் தெரியும். இனி அப்படி இல்லை. வெறுங்கையோடு போகாதீர்கள், அரை டஜன் பழம் போதும். கல்யாணம் தவறினாலும் துக்க வீட்டுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. அப்பா சார்பில் மொய் எழுத வேண்டியிருந்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் பழைய நோட்டில் கணக்காக இருக்கும்.

ஒரு கட்டத்தில் பெரியம்மாவோ சித்தப்பாவோ மனசில் இருப்பதைக் கொட்டுவார்கள். தாத்தா படுக்கையில் கிடந்தபோது உங்கள் அப்பா வரவில்லை, பாட்டியை நாங்கள்தான் பார்த்தோம் என்று. அப்பாவுக்காக வக்காலத்து வாங்க வேண்டாம். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள், பதில் சொல்ல வேண்டியவர் அப்பா. சொத்து சம்பந்தமாக எந்தத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும் அவரிடம் பேசாமல் போடாதீர்கள்.

8. சபை: முதல் வருஷம் மேடை ஏறாதீர்கள்

மிஷனரி பிள்ளை வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஐயரோ (சபைக் குருவானவர்) பாஸ்டரோ முன்னால் அழைப்பார். ஓர் இந்திப் பாட்டு, ஒரு சாட்சி (கடவுள் செய்ததைச் சொல்லும் அனுபவப் பேச்சு), பணித்தளத்துச் செய்தி கொஞ்சம். சின்ன வயதிலிருந்து சபை சபையாகப் போய் வரிசையில் நின்று பாடியவர்களுக்கு இது கைவந்த கலை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். முதல் மாதம் மேடையில் நின்றுவிட்டால் அதற்கப்புறம் அந்தச் சபையில் நீங்கள் ‘மிஷனரி பிள்ளை’ மட்டும்தான். தேர்வில் தோற்றதையோ, ஜெபிக்கப் பிடிக்கவில்லை என்பதையோ அங்கே யாரிடமும் சொல்ல முடியாது.

“ஐயா, முதல் வருஷம் படிப்பில் கவனம் வைக்கணும்னு அப்பா சொல்லியிருக்காங்க” என்றால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அப்பாவிடம் முதலிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், அது பொய்யாக வேண்டாம். மேடைக்குப் பதிலாகப் பாய் விரிப்பது, அசனப் பண்டிகையில் (சபையின் பொது விருந்து) பரிமாறுவது மாதிரி வேலைகளில் சேருங்கள். கறிச் சட்டியைத் தூக்கும்போது யாரும் சாட்சி கேட்க மாட்டார்கள். பழக்கமும் சீக்கிரம் உண்டாகும்.

“நீயும் ஊழியத்துக்குத்தானே?” என்பார்கள். “இப்போ பி.காம். முடிக்கணும், அக்கா” என்பது போதுமான பதில்.

விசுவாசத்தில் கேள்விகள் வருவது சகஜம். அவற்றை வாய்விட்டுப் பேச நம் பிள்ளைகள் பயப்படுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு: நான் இப்படிப் பேசினது தெரிந்தால் அப்பா அம்மாவுக்கு வரும் ஆதரவு நின்றுவிடுமோ என்று. அந்தப் பயத்தைத் தனியாகச் சுமக்க வேண்டாம். உங்கள் மிஷனுக்கும் சபைக்கும் தொடர்பில்லாத, வயதில் மூத்த ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

9. வீட்டோடு பேச்சு

வாரம் ஒருநாள் நேரம் குறித்துக்கொண்டு பேசுங்கள். மலைத்தளங்களில் டவர் எப்போது கிடைக்கும் என்பதை அம்மா சொல்வார்; அந்த நேரத்தை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

“நல்லா இருக்கேன்” என்று மட்டும் சொல்லிப் பழகியவர்கள் நாம். விடுதியில் ஆறேழு வயதில், அம்மா அழக் கூடாதென்று கற்றுக்கொண்டது. இப்போது அதை மாற்ற ஒரு நிபந்தனை தேவை: நீங்கள் சொல்வது மிஷன் பத்திரிகையின் ஜெபக் குறிப்பில் வரக் கூடாது. ‘சகோதரர் குடும்பத்தின் மூத்த மகன் கல்லூரியில் சோர்வோடு இருக்கிறான், ஜெபியுங்கள்’ என்று அச்சில் வந்து, பார்க்கிறவர்கள் எல்லாம் “இப்போ சோர்வு பரவாயில்லையா தம்பி” என்று கேட்டால் யார் மறுபடி வாய் திறப்பார்கள்? என்னைப் பற்றி எதை எழுதினாலும் முதலில் என்னிடம் கேளுங்கள் என்று அப்பா அம்மாவிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பெற்றோர் அதுவரை இதை யோசித்தே இருக்க மாட்டார்கள்.

10. இரண்டாம் வருஷம் பாரம் இறங்கும்போது

முதல் வருஷம் ஓட்டத்தில் போய்விடும். எல்லாம் பழகிவிட்டது என்று மற்றவர்கள் நினைக்கும் நேரத்தில்தான் தூக்கமின்மை, காரணமில்லாத கோபம், அப்பா அம்மாமேல் வெறுப்பு எல்லாம் கிளம்பும். “ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு நேரம் இருந்தது, எங்களை விடுதியில் விட்டார்கள்” என்ற எண்ணம் வந்தால் அது பாவமோ நன்றிகெட்டதனமோ அல்ல. இழந்தது நிஜம் என்பதால் வலிக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், வகுப்பு மூன்றும் கெட்டால் கல்லூரி ஆலோசகரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இலவசம், தமிழில் பேசலாம். ஜெபமும் செய்யுங்கள், போனும் செய்யுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தத் தேவையில்லை.

விடுதியிலோ தளத்திலோ யாராவது உங்களிடம் தகாதமுறையில் நடந்திருந்தால், ‘ஊழியத்தின் பெயர் கெடும்’ என்ற பேச்சுக்காக மௌனமாக இருக்காதீர்கள். உங்களுக்கு 18 வயது தாண்டிய பிறகும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் புகார் கொடுக்க முடியும். தம்பி தங்கைகள் இன்னும் அங்கே இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

11. ஒருமுறை திரும்பிப் போய்வாருங்கள்

இதை முதல் டிசம்பரிலேயே செய்வது வீட்டு ஏக்கத்தில் ஓடுவதாகிவிடும். அது அம்மாவைப் பார்க்கும் பயணம், அதுவும் வேண்டியதுதான். நான் சொல்வது வேறு. இரண்டாம் வருஷமோ அதற்குப் பிறகோ, அப்பா அம்மா அங்கே இருந்தாலும் மாற்றலாகியிருந்தாலும், வளர்ந்த இடத்துக்கென்றே ஒருமுறை போங்கள். ஒரு நண்பனைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. உங்கள் பால்யத்தைப் பார்த்த ஒரு சாட்சி இந்த ஊரிலும் உங்களுக்குக் கிடைப்பார்; அதற்கப்புறம் அவரிடம் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்பிருந்துதான். டாங்ஸ் பக்கம் போகிறவர்கள் சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸ் பிடித்து சூரத் பக்கம் இறங்கலாம்; ஜார்க்கண்ட் போகிறவர்களுக்கு ஆலப்புழா–தன்பாத் எக்ஸ்பிரஸ் கோவை, சேலம், காட்பாடி வழியாகவே வருகிறது. டிசம்பரில் இரண்டிலும் இடம் கிடைப்பது கஷ்டம். அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குக் கைபேசியும் கையுமாக உட்கார்ந்துவிடுங்கள், திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் அதே மாதிரி ஒரு நாளைக் குறித்து வையுங்கள்.